கச்சால் குடியரசின் மக்கள்தொகை

போன வாரம் ஹேவ்லாக் தீவுக் கப்பலுக்கு டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க, போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே மூக்கு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கொசுவத்திப் புகை, ஈரம் ஊறிய பிளைவுட், ஓடிக் களைத்த ஏசி, மூன்றும் சேர்ந்த வாடை. பெயர்ப்பலகை மாறிவிட்டது, முதலாளியும் மாறிவிட்டார், வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. சுவரோரம் பழைய பிளைவுட் தடுப்பு ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குள் டயப்பர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். "மேடம், கலரா, பிளாக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். நான் ஒரு காலத்தில் ஜனாதிபதியாக இருந்த இடத்தில் நின்றுகொண்டு, "பிளாக் போதும்" என்றேன்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே ஜனாதிபதி. அரசியல் சட்டம்கூட நான் எழுதியதுதான். அந்தச் சட்டத்தால் கடைசியில் என் மூக்கே அறுபட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சுனாமி முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அந்தக் கடை அப்போது பிரௌசிங் சென்டர். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வது, கேபின் நம்பர் சொல்வது, நேரம் முடிந்ததும் தடுப்பைத் தட்டுவது, இவ்வளவுதான் வேலை. தீவுக்கு நெட் அப்போது சாட்டிலைட்டில் வந்தது. மேகம் கூடினால் நின்றுவிடும். ஒரு போட்டோவைத் திறந்துவிட்டு ஜெட்டிக்குப் போய் டீ குடித்து வந்தால் அந்த ஆளின் நெற்றி வரை வந்திருக்கும். மெயின்லேண்டில் எங்கள் வயதுக்காரர்கள் துப்பாக்கி விளையாட்டும் கார் ரேஸும் ஆடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஸ்பீடுக்கு ஒத்து வந்தது நாடு நடத்துவது ஒன்றுதான்.

அந்த விளையாட்டில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. ஆளுக்கொரு நாடு ஆரம்பிக்கலாம். பெயர், நாணயம், தேசிய விலங்கு, ஒரு வரி முழக்கம், எல்லாம் நம் இஷ்டம். தினமும் ஒரு பிரச்சினை வரும். சாராயக் கடையை மூடலாமா, பள்ளியில் சீருடை வேண்டுமா என்று கேட்கும். நாம் அமுக்குகிற பதிலுக்கு ஏற்ப நாடு மாறும். ஆனால் நாம் என்ன முட்டாள்தனம் செய்தாலும் மக்கள்தொகை ஏறிக்கொண்டேதான் இருக்கும். அங்கே யாரும் சாவதில்லை. ஒரே ஒரு ஆபத்து உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் எட்டிப் பார்க்காமல் இருந்தால் நாடு அழிந்துவிடும். அதன் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

என் நாட்டுக்குக் கச்சால் என்று பெயர் வைத்தேன். என் அப்பா அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று அந்த நாடு அனுப்பிவைக்க, இந்த நாடு வாங்கி, இன்னொரு கப்பலில் ஏற்றி, நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட இறக்கிவிட்டது. நான் அங்கே பிறந்தவள். கடலோரத்தில் வரிசையாகக் கூலி வீடுகள். அம்மா அதைத் தோட்டத்துப் பழக்கத்தில் லயம் என்பாள். அலை வந்த காலையில் நானும் அம்மாவும் விறகு பொறுக்க மேட்டிலிருந்த ரப்பர் காட்டுக்குள் போயிருந்தோம். அப்பாவும் தங்கை லதாவும் வீட்டில் இருந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

விளையாட்டு நாணயத்தின் பெயர் கேட்டது. லதா என்று அடித்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா சோறு கொண்டு வந்தாள். போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் அப்போது. கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, "இது என்னா புள்ள?" என்றாள்.

"கச்சால்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். எழுத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை, அதுவும் இங்கிலீஷ் எழுத்து. விளையாட்டு என்ன என்று சொன்னேன். பாதி புரிந்திருக்கும்.

"எத்தன பேரு இருக்காங்க?"

"ஒரு கோடி. ஏறிக்கிட்டே இருக்கும்மா."

"சாவு?"

"அங்க கெடையாது."

"லதான்னு என்னமோ சொன்னியே."

"அங்க காசுக்குப் பேரு லதா. எல்லார் கையிலயும் லதா இருக்கும்."

அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து குழம்பை ஊற்றினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், "கச்சால்ல இப்ப எத்தன பேரு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மற்ற அம்மாக்கள் சாப்பிட்டியா என்று கேட்பது போலத்தான் கேட்பாள். நான் சொன்னதும் உம் என்பாள். பிறகு தட்டு வைப்பாள்.

இனி அரசாங்கத்துக்கு வருகிறேன். நாடுகள் பல சேர்ந்து ஒரு கூட்டரசு அமைக்கலாம். அதற்கு ஆட்சி எப்படி இருக்க வேண்டும் என்று விளையாட்டு எதுவும் சொல்லாது, ஆடுகிறவர்களே சட்டம் எழுதி, தேர்தல் வைத்து, மந்திரிகளைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் கடைக்குத் தினமும் வருகிற இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் வினோத். கைதிகள் காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம், வீட்டில் பேசுவது ஹிந்தி. என்னைவிடச் சின்னவன், தீதி தீதி என்று அக்கா முறையில் கூப்பிடுவான். இன்னொருவர் பாஸ்கர், ஈரோட்டுப் பக்கம். ஜெட்டியில் சரக்கு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்க வந்தவர். ஹேவ்லாக் ரிசார்ட்டிலிருந்து ஒருவர், மெயின்லேண்ட் காலேஜ் பையன்கள் சிலர் என்று சேர்ந்து நாங்கள் ஒரு கூட்டரசு ஆனோம்.

ஒரு மழைநாளில் நெட் படுத்துவிட்டது. மூவரும் அவரவர் கேபினில் உட்கார்ந்தபடியே தடுப்புக்கு மேலே கத்திக் கத்தி அரசியல் சட்டம் போட்டோம். இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தீவில் ஒரு ஆளைப் பார்த்ததும் ஜாதி கேட்க மாட்டார்கள், எப்போது வந்தீர்கள் என்று கேட்பார்கள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் இறங்குவதற்கு முன்பே இருந்தவர்கள் ப்ரீ ஃபார்ட்டி-டூ, அவர்கள்தான் உச்சி. அடுத்தது, நிலம் கொடுத்து அழைத்துவரப்பட்ட செட்லர்கள். பிறகு எங்களைப் போல இறக்கிவிடப்பட்டவர்கள். எல்லோருக்கும் கீழே நேற்றுக் கப்பலில் வந்த மெயின்லேண்ட்காரர்கள். எந்த ஆபீஸில் எந்த வரிசையில் நின்றாலும் இந்தக் கேள்வியில்தான் எங்கள் நெஞ்சு நிமிரும், அல்லது குனியும். என்னுடையது குனிந்தே பழகியது.

ஆனால் அந்தக் கூட்டரசில் முதலில் நாடு ஆரம்பித்தவள் நான். கவுண்டரில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன வேலை? வாழ்க்கையில் முதல்முறையாக நான் ப்ரீ ஃபார்ட்டி-டூ. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் வந்த நாட்டுக்கே ஜனாதிபதி பதவி, அந்தப் பதவி அந்த நாட்டின் பெயரோடு ஒட்டியிருக்கும், யாராலும் பிரிக்க முடியாது என்று சட்டம் சொன்னேன். பழைய குடிகளுக்கு மூன்று ஓட்டு, அடுத்தவர்களுக்கு ஒன்று. புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டே கிடையாது, ஒரு பழைய குடி கை தூக்கினால்தான் அவர்கள் மனுவே சபைக்கு வரும்.

வினோத்துக்கு இது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி இயல்பாகப் பட்டது. "சஹி ஹை தீதி. அப்படித்தான் இருக்கணும்" என்றான். பாஸ்கர் மட்டும் கேபினுக்குள்ளிருந்து, "ஏனுங்க, எப்ப வந்தாங்கன்னு பாத்தா ஓட்டு குடுப்பாங்க? வேலை செய்யறவங்களுக்குக் குடுக்கறதில்லீங்களா?" என்றார்.

"மெயின்லேண்ட் ஆளு கம்முனு இருங்க" என்றேன் நான். வினோத் விழுந்து விழுந்து சிரித்தான்.

சட்டத்தை டைப் செய்தது, தேர்தல் நாள் போட்டது, சண்டைக்கு வந்த கூட்டரசுகளுக்குப் பணிவாகப் பதில் எழுதியது எல்லாம் பாஸ்கர். நாங்கள் அவருக்குக் கொடுத்தது கழிவுநீர் இலாகா. வினோத் உள்துறை. புதிதாக விண்ணப்பிக்கிற மெயின்லேண்ட் பையன்களுக்குப் பாஸ் வேண்டும் என்று வைத்தோம். நிக்கோபார் போக எங்கள் ஊரில் பாஸ் வாங்கி அலைகிறோமே, அவர்களும் அலையட்டும். கெஞ்சி எழுதுவார்கள். "கப்பல் வரவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று பதில் அனுப்புவேன். அடுத்த மாதமும் அதையே அனுப்புவேன். ஃபீனிக்ஸ் பே கவுண்டரில் அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன். அதைச் சொல்லும் இடத்தில் இருப்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்படி ஒரு வருடம் போல நல்லாட்சி நடந்தது. கச்சாலின் ஜனம் பத்துக் கோடியை நெருங்கியது. அம்மாவிடம் சொன்னபோது, "அம்புட்டுப் பேருக்கு லயம் பத்துமா?" என்று கேட்டாள்.

அந்த மழைக்காலத்தில் நிஜக் கச்சாலில் சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் எங்களுக்குக் கட்டிய வீட்டின் சாவியைத் தருகிறார்கள் என்று தகவல் வந்தது. நானும் அம்மாவும் கப்பல் ஏறினோம். பத்து நாளில் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வீடு மேட்டில் இருந்தது, நன்றாகவே இருந்தது. அக்கம்பக்கம்தான் இல்லை. பழைய லயம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கன ஆளே இல்ல புள்ள. ஒன் கச்சால்லதான் சனம் இருக்கு" என்றாள். கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அங்கே நெட் என்று ஒன்று இருப்பதை யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் மாட்டிக்கொண்டோம். எனக்கு அங்கே அரிசி தீர்ந்ததைவிட அந்த ஒரு மாதக் கெடு தாண்டியதுதான் உறுத்தியது. கடைசியில் அம்மா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போர்ட் பிளேர் வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் கடைக்கு ஓடினேன். என் பாஸ்வேர்டுக்கு அப்படி ஒரு நாடு இல்லை என்று வந்தது. ஆனால் கச்சால் இருந்தது. கூட்டரசின் தலைப்பில், ஜனாதிபதி என்ற இடத்தில் இருந்தது. வினோத் தன் நாட்டின் பெயரைக் கச்சால் என்று மாற்றிக்கொண்டிருந்தான். பதவி பெயரோடு ஒட்டியது என்று எழுதியவள் நான்.

"அரே தீதி, வேற எவனாச்சும் எடுத்துருவான்னு நான் எடுத்து வெச்சேன்" என்றான்.

"சரி, குடு."

"எப்படிக் குடுப்பேன்? கானூன் இருக்கில்ல, நீ எழுதுன சட்டம். மனு போடு."

மனு போட்டேன். புதிதாக நாடு ஆரம்பித்ததால் நான் புதுக்குடி. ஒரு பழைய குடி எனக்காகக் கை தூக்க வேண்டும். ஹேவ்லாக்காரர் எப்போதாவதுதான் வருவார். வினோத்தைத் தவிர மிச்சம் இருந்த பழைய குடி பாஸ்கர் ஒருவர்தான், சேர்ந்து ஒரு வருடம் தாண்டியதில் அவர் நாடும் பழைய குடி ஆகிவிட்டிருந்தது. அவருடைய கேபினுக்குப் போய்த் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்ததைச் சொல்ல வந்தேன் என்று நினைத்து எழுந்துவிட்டார் பாவம்.

"பாஸ்கர், அந்தப் பேரு எங்க ஊரு. உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"ஒரு கை தூக்குங்க, போதும்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "சட்டம் நீங்க எழுதுனதுதானுங்க" என்றார். துடைத்து முடித்ததும், "கப்பல் வரலீங்க. அடுத்த மாசம் பாக்கலாமுங்க" என்றார்.

பக்கத்துக் கேபினிலிருந்து வினோத் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எனக்குக் காது சுட்டது. கவுண்டருக்கு வந்து உட்கார்ந்து அடுத்த ஆளைச் செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

வினோத் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு எல்லாம் விளையாட்டு. நாணயத்தைக் கருவாடு என்று வைத்திருந்தான். அதையாவது விட்டுவிடலாம். ஒரு நாள் முழக்கத்தை மாற்றினான். ‘கச்சால்: நீச்சல் தெரிந்தவர்களுக்கு மட்டும்’. ஹேவ்லாக்காரர் அதன் கீழே சிரிப்பு போட்டிருந்தார், மெயின்லேண்ட் பையன்களும் போட்டிருந்தார்கள். என் அப்பாவும் லதாவும் எப்படிப் போனார்கள் என்று வினோத்துக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு அகதி முகாமில் இருந்தபோது எங்களுக்குத் துணி கொண்டுவந்து கொடுத்ததே அவன் அம்மாதான். "தீதி, பாத்தியா? மஸ்த் இருக்கில்ல?" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு கூட்டமே சிரிக்கும்போது கவுண்டரில் இருக்கிறவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. லதாவுக்கு நீச்சல் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. வினோத்தின் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால், அதிலிருந்த எண்ணைப் பார்த்து வந்து சொன்னேன். பத்துக் கோடி, பத்தரைக் கோடி, பதினொன்று. ஊர் நம்மிடம் இல்லாவிட்டால் என்ன, ஜனம் ஏறுகிறதே என்று ஒரு அற்ப சமாதானம். அம்மா ஒரு தடவை, "லதா இருக்குல்ல?" என்றாள். "இருக்கும்மா" என்றேன். இல்லாத தங்கச்சியைப் பற்றி அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஆள்பவர்களுக்குச் சலிப்பு வந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. வினோத்துக்கு ஒரு கப்பலில் அரசு வேலை கிடைத்தது. அதுவும் நிக்கோபார் போகிற கப்பல். கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். தேர்தல் நடக்கவில்லை, மனுக்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. மெயின்லேண்ட் பையன்கள் வேறு கூட்டரசுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் தினமும் கச்சாலின் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். என் நாட்டை விழுங்கிய நாடு சாவதற்குக் காத்திருந்தேன் என்று சொன்னால் என்னைக் கொடூரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

பாஸ்கர் வேலையை விட்டு ஈரோடு திரும்பும் நாளில் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்க வந்தார். போகும்போது கவுண்டரில் நின்று, "அந்தப் பேரு காலியாக் கெடக்குதுங்க. காலைல பாத்தேன். எடுத்துக்கங்க" என்றார். நான் நன்றி சொல்லவில்லை, சரியான நேரத்தில் ஒரு கையைத் தூக்காதவருக்கு என்ன நன்றி. அவர் படி இறங்குவதற்குள் நான் பெயரை அடித்துவிட்டேன். நாணயம் கேட்டது. லதா என்று அடித்தேன். முழக்கம் கேட்டது. அதை வெறுமையாக விட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து, வாழ்த்துகள், உங்கள் நாடு பிறந்துவிட்டது என்று விளையாட்டு சொன்னது.

அன்று வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடினேன். அம்மா அடுப்படியில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். வழக்கம் போலத்தான் கேட்டாள்.

"கச்சால்ல இப்ப எத்தன பேரு?"

பொய் சொல்லியிருக்கலாம். அதுவரை சொல்லாத பொய்யா? ஆனால் பெயர் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. அந்த விளையாட்டில் யார் எந்த நாட்டை ஆரம்பித்தாலும் ஒரே எண்ணில்தான் ஆரம்பிக்கும்.

"அம்பது லட்சம்மா" என்றேன்.

அம்மாவின் கை நின்றது. உம் என்று சொல்லவில்லை. தட்டும் வைக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து பதினோரு கோடின்னு சொன்னியே புள்ள. மிச்சப் பேரு எங்க?"

நான் விளக்க ஆரம்பித்தேன். விளையாட்டு, விதி, புதிதாக ஆரம்பித்தால் இப்படித்தான், ஏறிவிடும், ஒரு வருடத்தில் ஏறிவிடும். அம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கருவேப்பிலைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அலை வந்த அன்று மேட்டிலிருந்து இறங்கி வந்தபோது எப்படி உட்கார்ந்தாளோ அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை ஒருபோதும் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. திறக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கடலுக்கடியில் கேபிள் வந்துவிட்டது. போட்டோ கண் இமைக்கும் நேரத்தில் முழு ஆளாக வந்து நிற்கிறது. அந்த விளையாட்டின் முகவரியை ஒரு நாள் போனில் அடித்துப் பார்த்தேன், அது திறக்கவே இல்லை. வினோத்தை ஜெட்டியில் எப்போதாவது பார்ப்பேன். யூனிஃபார்மில் தொப்பை போட்டு, "தீதி, கைசி ஹோ?" என்பான். நல்லா இருக்கேன் என்பேன். நாங்கள் ஆண்ட நாட்டைப் பற்றி அவனுக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லை, ஒருமுறை கேட்டே பார்த்துவிட்டேன். நிஜக் கச்சாலில் ரப்பர் மரங்கள் பால் வெட்ட ஆளில்லாமல் நிற்கின்றன என்று அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சப் பேரு எங்கே என்று கேட்க இந்த உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.